பசு நக்கிய சுவர்

கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டுவந்த பசு, வாசல் தாண்டி ஏழெட்டு அடி வைத்ததும் நின்றது. கழுத்தைத் திருப்பிச் சுவரை நக்க ஆரம்பித்தது.

விடியற்காலை ஐந்து மணி. ஹோமப் புகையும் மாவிலை வாசனையும் அந்த வட்டக் கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. சுப்ரஜா மூன்று மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். சொரசொரப்பான நாக்கு சுவரில் இழுபடும் சத்தம் தேங்காய் நாரால் பாத்திரம் தேய்ப்பதுபோலக் கேட்டது. உறவினர்கள் சிரித்தார்கள்.

"உப்புச் சுவரு போல," என்றார் ஒருவர்.

"ஏட்டி லெட்சுமி, இங்கன வா. மானத்த வாங்காத," என்று பால்காரர் கொம்பையா கயிற்றை இழுத்தார். பசு அசையவில்லை. அதன் கன்று மடியை முட்டியது. பசு பின்னங்காலால் கன்றை உதைத்தது. கன்று வழுக்கி விழுந்து எழுந்து மறுபடி முட்டியது. மறுபடி உதை.

அது நக்கிய விதத்தை சுப்ரஜா கவனித்தாள். கீழிருந்து மேலாக, ஒரே திசையில், நிதானமாக, ஓர் இடம் விடாமல். அப்போதுதான் ஈன்ற கன்றைத் தாய்ப்பசு அப்படித்தான் நக்கும். கறக்காமலே மடியிலிருந்து பால் சொட்டி, சாம்பல் நிறத் தரையில் சின்னக் குளமாகத் தேங்கியது. நாக்கு தேய்ந்து, சுவரில் இளஞ்சிவப்பாக நுரை படிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நுரை உள்ளே போய்விட்டது. வழியவில்லை. காயவில்லை. உள்ளே போய்விட்டது.

இரண்டு ஆட்கள் சேர்ந்து பசுவைத் தள்ளி வெளியேற்றினார்கள். ஐயர் நேரம் பார்த்துவிட்டு, நல்ல சகுனந்தான் என்று சொல்லி அடுத்த மந்திரத்துக்குப் போனார்.

அந்த வீடு அதற்கு முன் எண்பது வருடம் மியூசியமாக இருந்தது. ஆழ்வார்குறிச்சி சாலையில், ஆற்றங்கரையில், ஜன்னலே இல்லாமல் வெள்ளை வெளேரென்று முட்டையைப் பாதி புதைத்து வைத்ததுபோல் நிற்கும். கண்டக்டர்கள் "முட்டை, முட்டை, எறங்கு" என்றுதான் கத்துவார்கள். மாவட்டத்தில் அதன் படம் இல்லாத காலண்டர் கிடையாது. சிவசைலம் பிள்ளை என்ற மிராசுதார் கட்டியது. உள்ளே அவரே பாடம் செய்த மிருகங்கள்: மலையில் சுட்ட சிறுத்தை, மிளா மான், ஆற்றில் பிடித்த முதலை, நீர்நாய்கள், நடுவில் இரண்டு தலைக் கன்று. சுப்ரஜா ஆறாவது படிக்கும்போது பாளையங்கோட்டையிலிருந்து பள்ளிச் சுற்றுலாவில் வந்திருக்கிறாள். கன்றின் நாலு கண்ணில் ஒன்று உடைந்திருந்தது. அந்த ஓட்டையிலிருந்து ஒரு கரப்பான் மீசையை நீட்டியது. அவள் அங்கேயே வெள்ளைச் சட்டையில் வாந்தி எடுத்தாள்.

இதைக் கல்யாணமான புதிதில் கணவன் கோமதிசங்கரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். அவன் பெங்களூரில் பத்து வருடம் கட்டட வடிவமைப்பாளனாக இருந்தவன். அதை நடத்திவந்த டிரஸ்ட்டுக்காரர்கள் மியூசியத்தை மூடி, மிருகங்களை லாரியில் ஏற்றி அனுப்பியதும் அவன்தான் கட்டடத்தை வாங்கினான். ஆற்றுப் பக்கம் சுவரை நீளமாகக் கிழித்துக் கண்ணாடி வைத்தான். உள்ளே ஒரு தடுப்பு கிடையாது. அடுப்பு, மேஜை, கட்டில், தொட்டில் எல்லாம் ஒரே வட்டத்துக்குள். கதவு என்றால் வாசலுக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று. அலமாரி, காலண்டர், சாமி படம் எதுவும் கண்ணில் படக்கூடாது.

சுவரில் எண்பது வருடமாக அடித்த ஏழு டிஸ்டம்பர் பூச்சுகளையும் ஆள் வைத்துச் சுரண்டினான். அடியில் முதல் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. அவித்து உரித்த முட்டைபோல வழவழப்பு. விரல் வைத்தால் விரல் நிழல் தெரியும்.

"இத மறைச்சு வச்சதே பாவம் பாத்துக்கோ," என்றான். "இந்தச் சுவருதான் வீடு. மத்ததெல்லாம் சும்மா." பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வரப்போகிறார்கள் என்று நூறு பேரிடம் சொல்லியிருந்தான்.

மூன்றாம் நாள் சுப்ரஜாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. குழந்தை பாதி குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். மார்பு கல்லாகக் கனத்தது. கிண்ணத்தில் பீய்ச்சி, கழுவும் தொட்டியில் ஊற்றப்போனவளை வேலைக்கு வரும் முத்துராணி பதறித் தடுத்தாள்.

"யக்கா! என்ன காரியம் செய்யுதீய? அத சாக்கடைல ஊத்தப்பிடாது. எறும்பு மொய்ச்சாலும் ஆவாது, கால்ல மிதிபட்டாலும் ஆவாது. பால் வத்திரும். சுவத்துல பீச்சுங்க."

"நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, முத்துராணி."

"இருக்கட்டும். கெமிஸ்ட்ரி பிள்ளைக்குப் பால் குடுக்குமா?"

சுப்ரஜா சிரித்துவிட்டாள். செய்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தாள். ஆனால் அந்த வீட்டில் ஒரு பெண் ரவிக்கையைத் தளர்த்த மறைவு ஏது? கண்ணாடி வழியாகப் படித்துறையில் குளிப்பவர்கள் தெரிந்தார்கள். அவர்களுக்கும் அவள் தெரிவாள். குளியலறைச் சுவரில் பீய்ச்சினால் அதுவும் சாக்கடைக்குத்தான் போகும். கூடத்தில் கண்ணாடிக்கு எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான், கட்டிலுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அகலம். பசு நக்கிய இடம்.

அங்கே நின்று பீய்ச்சினாள். பால் சுவரில் பட்டது. ஒரு துளிகூட வழியவில்லை.

சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். பாலின் புரதமும் சுண்ணாம்பும் சேர்ந்து கெட்டிப்படும். அந்தக் காலத்தில் வெள்ளையடிக்கப் பாலே சேர்த்திருக்கிறார்கள். காரணம் தெரிந்ததும் மனம் சமாதானமானது. சாயங்காலமும் பீய்ச்சினாள். மறுநாளும். சிறிது நாளில் சுவர் அருகே போனாலே பால் இறங்கியது.

குழந்தையின் எடையை அவள் தினமும் குறித்து வைப்பாள். வந்த அன்று ஐந்து கிலோ எண்ணூறு. பத்தாம் நாள் ஐந்து அறுநூறு. எடைக் கருவியில் கோளாறு என்று நினைத்து, ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தாள். கருவி சரியாக இருந்தது. பதினான்காம் நாள் ஐந்து முந்நூறு.

பாளையங்கோட்டை டாக்டரம்மா சோதித்துவிட்டு, "பால் நல்லாத்தானே இருக்கு? நேரத்துக்குக் குடு. கலங்காத," என்றாள்.

குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தாள். பார்க்க வந்தவர்கள் சமத்து என்றார்கள். தொட்டிலில் கண்ணைத் திறந்தபடி, எதையும் பார்க்காமல், மணிக்கணக்காகக் கிடந்தாள்.

வாசனை அந்த வாரம்தான் தொடங்கியது. புளித்த பால் வாசனை இல்லை. புளித்த பால் என்றால் கழுவிவிடலாம். இது வெதுவெதுப்பான வாசனை, ஈரத்தோல் வாசனை. மாடு ஈன்ற தொழுவத்தில் தரையெல்லாம் வழவழவென்று கிடக்கும்போது அடிக்கும் வாசனை. தலையணையில் அடித்தது. வடித்த சோற்றில் அடித்தது. ஒருநாள் ரசத்தை வாயில் வைத்தவள் அப்படியே துப்பினாள்.

கட்டிலை நகர்த்திப் பார்த்தாள். அந்த இடத்தில் சுவர் மினுமினுப்பு இல்லாமல் மங்கியிருந்தது. குனிந்து பார்த்தாள்.

முடி.

செம்பழுப்பு நிறத்தில், அரை விரல் நீளத்தில், பூனை முடிபோல மெல்லியதாக, ஒரு முறம் அகலத்துக்கு. எல்லாம் கீழிருந்து மேலாகப் படிந்திருந்தன.

ஒன்றை நகத்தால் பிடித்து இழுத்தாள். சுவர் சற்றே கூடவே வந்து, பிறகு விட்டது. முடியின் நுனியில் வெள்ளையாக, ஈரமாக, கடுகில் பாதி அளவுக்கு ஒரு குமிழ் ஒட்டியிருந்தது.

வேர்.

குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். விரல் நுனியில் அந்த வழவழப்பு போகவில்லை.

கோமதிசங்கர் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "பழைய பூச்சுல முடி சேப்பாங்க. விரிசல் விடாம இருக்க," என்றான்.

"என்ன முடி?"

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு அவன் முகத்தில் பெருமை வந்தது.

"சொன்னா நீ அருவருப்பு படுவன்னுதான் சொல்லல. பிள்ளைவாள் பாடம் பண்ணும்போது தோலச் சுரண்டுவாருல்லா, அந்தச் சவ்வு, கொழுப்பு, முடி, ஒண்ணையும் வீசல. அம்புட்டையும் காய்ச்சி வச்சிரப் பசையாக்கிச் சுண்ணாம்புல குழைச்சிருக்காரு. லேப்ல குடுத்துப் பாத்தேன். பதினோரு வகை மிருகம். உலகத்துல இப்படி ஒரு சுவரு கெடையாது சுப்ரஜா!"

அவள் தொட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளி நகர்த்தினாள்.

"எங்க வீட்டுல முட்டைகூட உள்ள வராது. ஒங்க வீட்டுலயும் அப்படித்தான். இதுக்குள்ளயா நான் சோறு வடிக்கேன்? இதுக்குள்ளயா பிள்ளைய போட்டுருக்கோம்?"

"செத்து எம்பது வருசம் ஆச்சு, ஏட்டி. சுண்ணாம்புல எல்லாம் வெந்துபோயிருக்கும். நீதானே கெமிஸ்ட்ரி படிச்சவ?"

"வெந்ததுக்கு வேர் இருக்காதுங்க."

அவன் தன் சவர ரேசரை எடுத்துவந்தான். அடுத்த வாரம் படம் எடுக்க வருகிறார்கள், பளிச்சென்று இருக்க வேண்டும் என்றான். ரேசர் போன இடத்தில் சுவர் சிலிர்த்ததுபோல் அவளுக்குத் தோன்றியது. மறுநாள் காலையில் அந்த இடம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் தண்ணீர் நிறத்தில் ஒரு முத்து.

"ஆத்துக் காத்து. வேர்க்குது," என்றான் கோமதிசங்கர்.

இரண்டு நாளாகக் கொம்பையா பால் கொண்டுவரவில்லை. மூன்றாம் நாள் வெறுங்கையோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். அவருக்குப் பின்னால் லெட்சுமி, கழுத்தில் அறுந்த கயிற்றோடு, வீட்டின் வெளிச்சுவரில் நெற்றியை வைத்து நின்றது.

"ராத்திரி அத்துட்டு வந்துருது யம்மா. எங்க கட்டினாலும் இங்கனதான் வந்து நிக்கி. சொட்டுப் பால் எறங்கல."

"கன்னுக்குட்டி எங்க?"

"செத்துப்போச்சு. கிட்டயே சேக்கல பாத்துக்கிடுங்க, ஒரே ஒத. மெலிஞ்சு மெலிஞ்சு, கடைசில தூக்குனா வைக்கோல் கணக்கா கெடந்துச்சு. சத்தமே போடல." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கன்னு செத்தா தோல உரிச்சு வைக்கோல் திணிச்சு மாட்டுக்கு முன்னால நிறுத்துவோம். மாடு அத நக்கும். நக்க நக்கப் பால் சுரக்கும், நாம கறந்துக்கிடலாம். சிவசைலம் பிள்ளைவாளே சின்ன வயசுல அதுலதான் கை பழகினாருன்னு எங்க ஐயா சொல்லுவாரு. இது அதையும் சீண்ட மாட்டேங்கு. ஒங்க சுவருதான் வேணுங்கு."

"மாட்டுக்குத் தெரியாதா? அது கன்னு இல்லன்னு?"

கொம்பையா பசுவைப் பார்த்தார்.

"தெரியும்னுதான் நெனைக்கேன். தெரிஞ்சுந்தான் நக்குது."

அவர் போனதும் சுப்ரஜா எடைக் கருவியை எடுத்தாள். நான்கு கிலோ எழுநூறு.

கன்றைச் சேர்க்கவில்லை. மெலிந்து மெலிந்து. சத்தமே போடவில்லை.

அன்றிலிருந்து சுவருக்குப் பீய்ச்சுவதை நிறுத்தினாள். கட்டிலைக் கண்ணாடிப் பக்கம் இழுத்துப் போட்டாள். படித்துறையில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று முந்தானையால் மூடிக்கொண்டு குழந்தைக்குக் கொடுத்தாள். மார்பு வறண்டு கிடந்தது. குழந்தை வாயைத் திறந்தாள், மூடினாள். புட்டிப்பால் கொடுத்தாள். குழந்தையின் நாக்கு தொடவே இல்லை. பால் கடைவாய் வழியாக வெளியே வந்தது. டாக்டரம்மா ஊரில் இல்லை, திங்கட்கிழமை வருவாள் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு வழி தெரியாமல் குழந்தையை எடுத்துக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்றடி இருக்கும்போதே பால் இறங்கியது. குழந்தையின் வாயை மார்பில் வைத்தாள். பால் அந்த உதட்டைத் தாண்டிப் பீறிட்டுச் சுவரில் விழுந்தது. உடம்பைத் திருப்பினாள். பால் வளைந்து சுவரில்தான் விழுந்தது.

சுவரின் அந்த இடம் குழிந்தது. நிமிர்ந்தது. மறுபடி குழிந்தது.

சப்பும் சத்தம். சின்னதாக. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, அவசரமாக.

அவள் எழுந்தாள். கத்தவில்லை. கத்தினால் குரல் அந்த வட்டத்தில் சுற்றித் தன் காதுக்கே வரும் என்று பயமாக இருந்தது. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கோமதிசங்கர் பத்திரிகைப் படக்காரர்களை அழைத்துவரத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போயிருந்தான். அவள் முத்துராணியைக் கூப்பிட்டு, "கார் பிடி. பாளையங்கோட்டைக்கு. அம்மா வீட்டுக்கு. இப்பவே," என்றாள். பெரியாஸ்பத்திரி வழியாகத்தான் போகவேண்டும். முதலில் அங்கே. இந்தச் சுவரை விட்டு வெளியே போய்விட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள்.

இரண்டு துணி. மருந்துச் சீட்டு. கைப்பை. குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கினாள். எடை பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

வாசலைத் தாண்டினாள். மழை முகத்தில் அடித்தது. மழை வாசனை. வெறும் மண் வாசனை. பல நாளுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

பின்னால் அழுகை கேட்டது.

பிறந்த அன்று கேட்ட அழுகை. தொண்டை கிழிய, முகம் சிவக்க, பசித்த பிள்ளையின் அழுகை. நடுவில் ஒரு விக்கல் வரும். இவள் மகளுக்கு மட்டும் வரும் விக்கல். மகள் அப்படி அழுது வாரக்கணக்காகியிருந்தது.

முத்துராணி காரின் கதவைத் திறந்து குடையோடு நின்றாள். அவள் பார்வை சுப்ரஜாவின் கையில் இல்லை. வீட்டுக்குள் இருந்தது.

"யக்கா," என்றாள். "பாப்பா அழுதுல்லா? உள்ள விட்டுட்டா வந்தீய?"

சுப்ரஜா குனிந்து பார்த்தாள். துண்டுக்குள் குழந்தையின் வாய் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது. மழைத்துளி ஒன்று அந்தக் கண்ணில் விழுந்தது. இமை அசையவில்லை.

நெற்றியில் உதட்டை வைத்தாள். காய்ந்திருந்தது. உதட்டில் சுண்ணாம்பு கரித்தது. இறுக்கி அணைத்தாள். உள்ளே ஏதோ சரசரத்தது.

வீட்டுக்குள் விக்கல். மறுபடி அழுகை.

அவள் ரவிக்கை நனைந்தது. மழையால் இல்லை. வெதுவெதுப்பாக, வயிற்றில் வழிந்து, கால்வரை.

துண்டை முத்துராணியிடம் நீட்டினாள். கனமாக இருக்கும் என்று கையைத் தயார்செய்து வாங்கிய முத்துராணியின் கை மேலே துள்ளியது.

"யக்கா! என்னக்கா இது! யக்கா!"

சுப்ரஜா உள்ளே நடந்துகொண்டிருந்தாள். நின்றுவிட நினைத்தாள். கால் நிற்கவில்லை. வெளிச்சுவரோரம் லெட்சுமி மழையில் நனைந்தபடி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டுப் பைய விலகி வழிவிட்டது.

கூடத்தில் விளக்கில்லை. எல்லாம் வெள்ளை. எல்லாம் வெறுமை. அவன் ஆசைப்பட்டபடி ஒரு சாமான் கண்ணில் படவில்லை. சிரைத்த இடத்தில் முடி திரும்ப வளர்ந்திருந்தது. வாசனை தொண்டைவரை வந்தது. குமட்டியது. குமட்டிக்கொண்டே மண்டியிட்டாள்.

அது தன் பிள்ளை இல்லை. தெரியும்.

நாக்கை வைத்தாள். முதலில் சுண்ணாம்பு. பிறகு உப்பு. பிறகு, முடிக்கு அடியில், வெதுவெதுப்பாகத் தோல்.

கீழிருந்து மேலாக.

அழுகை நின்றது. வாசலில் முத்துராணியின் கையிலிருந்த துண்டுக்குள் எதுவும் அசையவில்லை. சுப்ரஜா திரும்பிப் பார்க்கவில்லை. ஓர் இடம் விடாமல், நிதானமாக, நக்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறத் தரையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.